வத்தலக்குண்டில் பாடும், கொடைக்கானலில் பாடாது

காலை ஆறே கால். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பேரிக்காய் மரம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு மூட்டம். ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைத் தட்டிவிட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, 'டக்'. கோடை பண்பலை 100.5 இரண்டு ஸ்பீக்கரிலும் சுத்தமாக வந்தது. இந்த ஒரு 'டக்'குக்கு ஐந்து மாதமும் 2,830 ரூபாயும் போயிருக்கின்றன. அதில் உண்மையிலேயே தேவைப்பட்டது 440 ரூபாய்தான். மிச்சமெல்லாம் நான் தப்பான இடத்தில் தோண்டியதற்கான கூலி.

செட்டு சித்தப்பாவுடையது. 1984இல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கப்பலில் கொண்டுவந்தார். ஜப்பான் தயாரிப்பு, பக்கத்துக்கு 45 வாட், பதினோரு கிலோ எடை. முன்பக்கம் அலுமினியத் தகடு, பின்பக்கம் 110க்கும் 220க்கும் மாற்றும் ஒரு திருகு. மதுரையில் முப்பது வருடம் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. சித்தப்பா போனபிறகு எங்கள் வீட்டுக்கு, அதாவது கொடைக்கானலுக்கு, ஏறி வந்தது. வந்த பிறகுதான் எல்லாம்.

ஜூலையில் தொடங்கியது. குறைந்த சத்தத்தில் இடதுபக்கம் மெல்ல மறைந்துபோகும். வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் 'படக்'கென்று திரும்பி வரும். இது ஒன்று. இன்னொன்று, சில நாட்களில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், 'டக்' வராது, இரண்டு பக்கமும் ஊமை. அப்படியே விட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தால் பாடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். முதல் தப்பு அதுதான். அவை இரண்டு தனித்தனி நோய்கள்.

முதலில் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டேன். ஊமைத்தனம் மறு ஸ்பீக்கருக்குப் போனது. ஆக ஸ்பீக்கரில் குறை இல்லை. ரேடியோவைப் பிடித்துத் தரும் டியூனரிலிருந்து வரும் ஒயரை மாற்றிப் பார்த்தேன், அதிலும் இல்லை. பத்து நிமிட வேலை, காசு கிடையாது. இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனேன்.

அப்புறம் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டதால் குற்றவாளி அதுதான் என்று முடிவு கட்டினேன். வீட்டில் பைக் போல்ட்டுக்கு அடிக்கிற துரு ஸ்பிரே இருந்தது. அதை வால்யூமின் ஓட்டை வழியாக அடித்தேன். செய்யாதீர்கள். கரகரப்பு இரண்டு நாள் நின்றது, ஆனால் உள்ளே இருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. முன்பு தேன் மாதிரி சுற்றிய குமிழ் இப்போது வெறுமனே சுழல்கிறது. எலக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கிற கான்டாக்ட் கிளீனரை 350 ரூபாய்க்கு வாங்கி மறுபடி கழுவினேன். கரகரப்பு போனது. அந்தத் தேன் திரும்பவில்லை. இடதுபக்கம் வழக்கம்போல் மறைந்துகொண்டுதான் இருந்தது.

ஆகஸ்டில் பதினோரு கிலோவை அரிசிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். அங்கே ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். மேசையில் வைத்து ஒயர் கொடுத்தார். நான்கு எண்ணுவதற்குள் 'டக்'. கணீரென்று பாடியது. ஒரு மணி நேரம் பாடவிட்டார்.

“செட்டு நல்லாத்தானே பாடுது தம்பி. உங்க வீட்டு லைன்ல ஏதாச்சும் லூஸ் இருக்கும் பாருங்க.”

உள்ளே தூசி ஊதி, நான்கு இடத்தில் ஈயம் வைத்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். மேலே கொண்டுவந்தேன். முதல் நாள் பாடியது. மூன்றாம் நாள் மூட்டம் இறங்கியது, செட்டு வாயை மூடிக்கொண்டது. செப்டம்பரில் இன்னொரு தடவை இறங்கினேன், இன்னொரு 300, அதே கதை. பல் டாக்டரைக் கண்டதும் பல்வலி நின்றுவிடுவது மாதிரி. அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அவர் கடையில் வெயில் காய்கிறது, ஃபேன் சுற்றுகிறது. அவர் கண்ணெதிரே அது ஒரு தடவைகூடக் கெட்டுப்போகவில்லை. கெடாத செட்டை யாரால் சரிசெய்ய முடியும்?

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. “லைன்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் வீட்டு மின்சாரத்தை அளந்தேன். காலையில் 228 வோல்ட், இரவு ஏழரைக்கு 195. குறைவுதான், ஆனால் செட்டு வாயை மூடுவது பெரும்பாலும் காலையில்தான். லைன் மேல் பழி போட வழியில்லை. சரி, நானே திறப்பதென்று முடிவு செய்தேன்.

கையில் இருந்தவை: 25 வாட் சால்டரிங் அயர்ன், 900 ரூபாய் மல்டிமீட்டர் (வேறு வேலைக்கு வாங்கியது, கணக்கில் சேர்க்கவில்லை), ஈயம் உறிஞ்சும் பம்ப், ஒரு ஸ்டார் திருப்புளி. கூடவே ஒரு சீரிஸ் போர்டு: பலகையில் ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட். செட்டுக்குப் போகும் மின்சாரம் 60 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், செட்டு தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். குண்டு பல்பு இப்போது கடைகளில் அரிதாகிவிட்டது. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வைத்திருந்த ஒன்று பக்கத்து வீட்டில் கிடைத்தது. இந்த வேலைக்கு எல்இடி பல்பு உதவாது.

மூடியைக் கழற்றியதும் செய்த இரண்டாவது முட்டாள்தனம். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சர்கள் இரண்டிலும், ஒயரைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும் என்று படித்திருந்தேன், அதனால் திருப்புளியைக் குறுக்கே வைத்தேன். வெடித்தது. திருப்புளி நுனியில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம், இன்னமும் இருக்கிறது. 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் ஒயர் பற்றவைத்து அதைக் குறுக்கே பத்து விநாடி பிடித்து, அப்புறம் மீட்டரில் பூஜ்யம்தான் என்று பார்ப்பதே முறை. ஐந்து ரூபாய்ச் சாமான்.

'டக்' என்று சொல்வது ரிலே. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் வாசல்காரன். உள்ளே எல்லாம் நிதானத்துக்கு வந்த பிறகுதான் கதவைத் திறக்கும். ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போகப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்குமே திறக்காது, ஏனென்றால் அது ஸ்பீக்கரைச் சுட்டுவிடும். ரிலேயின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துப் பார்த்தேன். இடதுபக்கத் தொடுமுனைகள் கரி படிந்து கறுத்திருந்தன. குறைந்த சத்தத்தில் மறைந்ததும், வால்யூம் ஏற்றினால் திரும்பியதும் இதனால்தான். மெல்லிய சிக்னலுக்கு அந்தக் கரியைத் தாண்டத் தெம்பில்லை.

உப்புத்தாளைத் துண்டாக வெட்டித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, அன்றிரவு இரண்டு மணி நேரம் ஆசை தீரக் கேட்டேன். பதினெட்டு நாளில் மறுபடி கறுத்துவிட்டது. தொடுமுனை மேல் பூசியிருந்த வெள்ளியை நான் சுரண்டி எடுத்துவிட்டிருக்கிறேன். ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்தால் போதுமாம், இது பிறகு தெரிந்தது. கடைசியில் 24 வோல்ட் ரிலே ஒன்று புதிதாக, 140 ரூபாய். வாங்கும்முன் பழையதைக் கையில் எடுத்துப்போய் கால்களின் இடைவெளியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் போர்டில் உட்காராது. இடதுபக்கம் அன்றோடு குணமாயிற்று.

ஊமை நோய் மட்டும் போகவில்லை. புது வாசல்காரனும் மூட்டமான காலையில் கதவைத் திறக்க மறுத்தான். அப்படியானால் அவன் பொய் சொல்லவில்லை, உள்ளே ஏதோ இருக்கிறது.

நேர்மின்சாரம் வருகிறதா என்று ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம். இரண்டு காலை பார்த்தேன், இரண்டு தடவையும் சுத்தமான பூஜ்யம். 'உள்ளே ஒன்றுமில்லை, ரிலேயை ஓட்டும் பகுதிதான் கெட்டிருக்கிறது' என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். மூன்றாம் நாள் குளிக்கும்போது புரிந்தது: கதவு மூடியிருக்கும்போது வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால் என்ன தெரியும்? ரிலேக்கு உட்புறத்துக் காலில் அளக்க வேண்டும்.

அக்டோபர் கடைசி, காலை ஆறரை, அறைக்குள் 12 டிகிரி. சுவிட்சைப் போட்டதும் இடதுபக்கம் 18 மில்லிவோல்ட். வலதுபக்கம் 1.4 வோல்ட்! பத்து நிமிடத்தில் 1.1. இருபத்திரண்டாம் நிமிடம் 0.9க்கு இறங்கியபோது 'டக்'. நாற்பது நிமிடத்தில் 0.2. மறுநாள் நல்ல வெயில். அதே வலதுபக்கம் தொடக்கத்திலேயே 60 மில்லிவோல்ட்தான். 50க்குள் இருந்தால் நிம்மதி, 100 என்றாலும் அவசரமில்லை, ஒரு வோல்ட் தாண்டினால் ரிலே திறக்காததே நியாயம். நான்கு மாதமாக இடது, இடது என்று தேடிக்கொண்டிருந்தேன். பெரிய நோய் வலதில் இருந்தது.

ஆனாலும் அந்த இரண்டு நாள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசிக்கவில்லை. வயதான செட்டென்றால் கண்டன்சர்களை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மதுரை போய் வாங்கி வந்தேன். சின்னவை 24, 620 ரூபாய். பெரியவை இரண்டு, 760 ரூபாய். இரண்டு ராத்திரி ஈயப்புகை. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பொருத்தினேன், அது மட்டும் புத்திசாலித்தனம். இதிலும் ஒரு கண்ணி உண்டு: என் போர்டில் அச்சிட்ட குறி கூட்டல் பக்கத்துக்கு, கண்டன்சரின் உடம்பில் இருக்கும் கோடோ கழித்தல் பக்கத்துக்கு. இரண்டையும் பொருத்திவிட்டால் தலைகீழ். நான்கை அப்படிப் போட்டு, மின்சாரம் கொடுக்கும் முன் போட்டோவோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். கழற்றும் முன் எடுத்த போட்டோக்கள் 61. அதற்கு மேலும் எடுத்திருக்கலாம்.

மாற்றிய பிறகு மூட்டமான ஒரு காலையில் அளந்தேன். 1.4 வோல்ட். 1,380 ரூபாய்க்கு ஒரு மில்லிவோல்ட் நகரவில்லை. கழற்றிய பழைய கண்டன்சர்களைச் சும்மா அளந்து பார்த்தேன். அநேகமாக எல்லாமே இன்னும் சரியாகத்தான் இருந்தன.

நவம்பர் நடுவில், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூடி திறந்த செட்டு, வலதுபக்கத்தில் மாட்டிய மீட்டர், கையில் வீட்டுக்காரியின் ஹேர் டிரையர். போர்டின் ஒவ்வொரு மூலைக்கும் பதினைந்து விநாடி சூடு காட்டினேன். மின்சாரம் ஓடும்போது இதைச் செய்வதானால் இடது கை சட்டைப் பையில் இருக்கட்டும். உள்ளே 230 வோல்ட் வெறும் முனைகளாக நிற்கிறது. மூன்று மூலையில் ஒன்றும் நடக்கவில்லை. வலதுபக்க நுழைவுப் பகுதியில், இரண்டு சின்ன டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து நிற்கிற இடத்தில் காட்டியதும், 1.3லிருந்து 0.3க்கு எண் சரசரவென்று இறங்கியது.

சரி, ஒரு டிரான்சிஸ்டர்தான் குளிரில் கெடுகிறது என்று நினைத்தேன். அதை மாற்றியிருப்பேன், இன்னொரு தப்பான செலவு. தடுத்தது என் கிட்டப்பார்வை. டிரான்சிஸ்டர் எண்ணைப் படிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோகும்போதெல்லாம் மீட்டர் எகிறியது. விலகினால் இறங்கியது. முதலில் மீட்டர் ஒயரின் முனை நழுவுகிறதென்று நினைத்தேன். இரண்டு மூன்று முறை ஆன பிறகுதான் என் மூச்சு புகையாகப் போர்டில் படிவதைக் கவனித்தேன். வேண்டுமென்றே ஒரு தடவை 'ஹா' என்று ஊதினேன். 0.3லிருந்து 1.7.

மூச்சு சூடானது. சூட்டால் குணமாகிற டிரான்சிஸ்டர் என்றால் ஊதியதும் எண் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. ஆக விஷயம் குளிர் இல்லை, ஈரம். ஹேர் டிரையர் அதைச் சூடாக்கியதால் அல்ல, உலர்த்தியதால்தான் குணம். வத்தலக்குண்டில் பாடியதற்கும் காரணம் அதுவே.

ஈரம் எதில் ஏறுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்டன்சர்கள் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் அடியில் பசை வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் 'பாண்டு' என்பார்கள். புதிதில் அது இளமஞ்சளாக இருக்கும், மின்சாரம் கடத்தாது. வருடக்கணக்கில் சூடுபட்டுப் பழுப்பாகும்போது குணம் மாறிவிடும்: ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தைக் கசியவிடும், உலோகத்தையும் அரிக்கும். அந்தக் காலத்துப் பல செட்டுகளில் இந்த வியாதி உண்டாம். என் போர்டில் அது காப்பிக் கசடு நிறத்தில் காய்ந்துபோய், 38 வோல்ட் ஓடும் செம்புத் தடத்துக்கும் முதல் டிரான்சிஸ்டரின் கால் தடத்துக்கும் மேலே பாலம் போட்டமாதிரி கிடந்தது. கண்டன்சர் மாற்றிய அன்று இதைப் பார்த்தேன். 'பழைய பசை, கிடக்கட்டும்' என்று அதன் மேலேயே புதுக் கண்டன்சரை உட்காரவைத்திருக்கிறேன்.

எடுப்பதுதான் இந்த வேலையிலேயே நீளமான பகுதி, நான்கு மாலை ஆனது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், 280 ரூபாய். பஞ்சில் நனைத்துப் பசைமேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் கொஞ்சம் இளகும். இரும்பால் சுரண்டினால் தடம் கிழியும், அதனால் மூங்கில் பல்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டேன். பழைய டூத் பிரஷ்ஷைப் பாதி வெட்டினால் இன்னும் நல்லது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஒரு ஓரத்தில் முயன்றேன்; பசை சீக்கிரம் போனது, கூடவே போர்டில் அச்சிட்டிருந்த எண்களும் போயின. அன்றே நிறுத்திவிட்டேன்.

பசைக்கு அடியில் பார்த்ததுதான் பயமாக இருந்தது. செம்புக் கால்களில் கோயில் மணி மாதிரிப் பச்சைக் களிம்பு. ஒரு சின்னக் கண்ணாடி டயோடைக் குச்சியால் தொட்டதும் கால் ஒடிந்து கையோடு வந்தது, கரும்புச் சக்கை போல. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அது பாடிக்கொண்டிருக்கும்போதே ஒடிந்திருக்கும். பத்து டயோடு 20 ரூபாய்க்குக் கிடைத்தது, இரண்டை மாற்றினேன். இரண்டு இணைப்புக் கம்பிகளையும் புதிதாகப் போட்டேன். கடைசியாக ஆல்கஹாலில் கழுவி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு ராத்திரி காயவைத்தேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. திறந்ததுதான் திறந்தாயிற்று என்று ஹீட்சிங்க்கில், அதாவது சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டில், இருந்த பெரிய டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, காய்ந்த வெள்ளைப் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவினேன். நடுவில் மின்சாரம் தாண்டாமலிருக்க வைக்கும் மைக்கா, பேஸ்ட் சேர்த்து 60 ரூபாய். மாட்டிவிட்டு சீரிஸ் போர்டில் போட்டால் கோழிக்குஞ்சுப் பல்பு பளீரென்று எரிந்தது, மங்கவே இல்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. பிடுங்கிவிட்டுத் தேடினேன். ஒரு மைக்காத் தகடு திருகுத் துளை அருகே கீறியிருந்தது, டிரான்சிஸ்டரின் உலோக உடம்பு ஹீட்சிங்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பல்பு நடுவில் இல்லாமல் நேரே போட்டிருந்தால் இந்தப் பதிவு இங்கேயே முடிந்திருக்கும். வேறு மைக்கா வைத்து, நான்கு உடம்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தொடர்பில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே மின்சாரம் கொடுத்தேன். ஒருமுறை மின்னி மங்கியது.

பிறகு ஐடில் கரன்ட், அதாவது பாடாமல் சும்மா இருக்கும்போது அந்தப் பெரிய டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்சாரம். 0.22 ஓம் ரெசிஸ்டர் இரண்டுக்கும் குறுக்கே 22 மில்லிவோல்ட் வந்தால் 50 மில்லியாம்பியர். போட்டவுடனேயே திருகிச் சரியாக 22இல் வைத்துவிட்டு சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் 31. குளிர்ந்த அறையில் இந்தச் செட்டுக்குச் சூடேற அரை மணி நேரம் வேண்டும், அதன் பிறகுதான் திருக வேண்டும். இதில் சீரிஸ் பல்பையும் எடுத்துவிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கே தப்பு. மறுநாள் பொறுமையாகச் செய்தேன்.

டிசம்பர் முதல் வாரம், 11 டிகிரி, வெளியே பால் மாதிரி மூட்டம். இடது 12 மில்லிவோல்ட், வலது 9. போர்டில் 'ஹா' என்று ஊதினேன். வலது 10 ஆனது.

செட்டு குணமானாலும் ஊர் மாறவில்லை. 300 ரூபாய்க்கு ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன், அறையில் 88 சதவீதம் காட்டுகிறது. அதனால் செட்டை ஒரு மர அலமாரிக்குள் ஏற்றி, கீழ்த்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டிருக்கிறேன். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே பலரும் செய்வதுதான். உள்ளே 17 டிகிரி, ஈரம் 64 சதவீதம். மாதத்துக்குச் சுமார் 11 யூனிட். பாடும்போது கதவைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்மூடி கொதிக்கும். அடுத்த கோடையில் அலமாரியின் முதுகுப் பலகையில் ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை போட உத்தேசம்.

ஒரே ஒரு சிக்கல். அலமாரிக்குள் உலர்வாக இருக்கிறது என்பது வீட்டில் தெரிந்துவிட்டது. “என்னங்க, ஒரு ஓரமாத்தானே வைக்கிறேன்” என்று முதலில் தீப்பெட்டி வந்தது. அப்புறம் அப்பளக் கட்டு, காப்பித் தூள், போன வாரம் பட்டுப்புடவை இரண்டு. நேற்று இரவு ஆம்ப்ளிஃபயர் சூடேறியதும் அறையெல்லாம் மிளகாய் வற்றல் நெடி. மேல்தட்டில் ஒரு கிலோ இருந்தது.